கிறிஸ்தவர்கள் போருக்குப் போகலாமா? மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரின் சீடர்களுக்கு அரசியலில் என்ன வேலை?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். மறு கன்னத்தைக் காட்டு என்று இயேசு சொன்ன பிறகு கிறிஸ்தவன் ஆயுதம் எடுக்கலாமா? எடுக்கக் கூடாதென்றால், ஆயுத பலத்தில் நிற்கும் அரசாங்கத்தில் அவன் பங்கெடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

நான் இறையியல் படித்தவன் இல்லை. வேதாகமம் வாசிக்கிற சாதாரண விசுவாசி. இந்தக் கேள்வி பல வருடங்களாக என்னை விடவில்லை என்றால் அதற்குக் காரணம் என் பெரியப்பா.

பெரியப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சண்டையை நேரில் பார்த்தவர். ஒரு ஞாயிறு ஆராதனையின் முடிவில், சபையில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் எழுந்து நிற்கும்படி போதகர் கேட்டுக்கொண்டார். நாலைந்து பேர் எழுந்தார்கள். சபையே கைதட்டியது. பெரியப்பா எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பு அவர் காதில் விழவில்லையோ என்று நினைத்து அவர் முழங்கையைத் தொட்டேன். என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "போனது தப்புன்னு நான் சொல்லலடா. ஆனா அதுக்குக் கைதட்டக் கூடாது" என்றார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அவர் சொன்னதற்கு அர்த்தம் தேடித்தான் சபை வரலாற்றை வாசிக்க ஆரம்பித்தேன்.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் எழுதிய சபைத் தலைவர்களில் பெரும்பாலோர் கொலை செய்வதைக் கிறிஸ்தவனுக்கு ஒவ்வாத காரியமாகவே பார்த்தார்கள். பேதுருவின் பட்டயத்தை (வாளை) உறையில் போடச் சொன்னபோதே ஆண்டவர் எல்லாப் படைவீரர்களின் இடைக்கச்சையையும் அவிழ்த்துவிட்டார் என்று ஆதிசபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். அதே தெர்த்துல்லியன் வேறோர் இடத்தில், உங்களோடு நாங்களும் கடலில் போகிறோம், படையிலும் இருக்கிறோம் என்று ரோமர்களிடம் சொல்கிறார். அதாவது எழுத்தில் மறுப்பு இருந்தது, படையில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஆதிசபை முழுக்க முழுக்கப் போர் மறுப்புச் சபை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை.

ஆனால் மறுத்தவர்கள் எப்படி மறுத்தார்கள் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 295-ஆம் ஆண்டு மார்ச் 12. வட ஆப்பிரிக்காவில் தெவெஸ்தே என்ற ஊர், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது. மாக்சிமிலியன் என்ற 21 வயதுப் பையனைப் படைக்கு ஆள் எடுக்கக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நான் கிறிஸ்தவன், என்னால் சேர முடியாது என்கிறான். ஆளுநர் தியோன் அவனை அளக்கச் சொல்கிறார். ஐந்தடி பத்தங்குலம் என்று ஊழியன் சத்தமாகச் சொல்கிறான். படையில் சேர்ந்ததற்கு அடையாளமாகக் கழுத்தில் ஈய முத்திரை ஒன்றைக் கட்டுவார்கள். அதைக் கட்டினால் உடைத்துப்போடுவேன், கிறிஸ்துவின் முத்திரை ஏற்கெனவே என்மேல் இருக்கிறது என்கிறான். பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சேவை செய்யவில்லையா என்று ஆளுநர் கேட்கிறார். தங்களுக்கு எது தகும் என்பது அவர்களுக்குத் தெரியும், நான் கிறிஸ்தவன், தீமை செய்ய என்னால் முடியாது என்பது அவன் பதில். மரண தண்டனை. சாகப்போகும் நேரத்தில் பக்கத்தில் நின்ற அப்பாவிடம், படையில் சேர்வதற்காக எனக்குத் தைத்து வைத்த புதுத் துணியை இந்த ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று, வெட்டப்போகிறவனைக் காட்டிச் சொன்னான்.

படையில் இருந்த மற்றக் கிறிஸ்தவர்களை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு இந்த விவாதத்தில் இறங்குகிற இரண்டு பக்கத்தாரும் அந்தப் பையனிடம் கற்றுக்கொள்ளலாம்.

312-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சிலுவையின் பெயரால் வென்றதாக நம்பினார். அடுத்த நூறு வருடத்தில் பேரரசே கிறிஸ்தவப் பேரரசாகிவிட்டது. எல்லையைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது ஞானஸ்நானம் பெற்றவர்களின் தலையில். வட ஆப்பிரிக்க பிஷப் அகுஸ்தீன் இந்த இடத்தில்தான் வருகிறார். நீதியான போர் என்ற சிந்தனையை அவர் கொண்டுவந்ததும் சபை பட்டயத்தை முத்தமிட்டுவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அவரை வாசித்தால் அப்படி இல்லை. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தனி மனிதன் இன்னொருவனைக் கொல்வதை அவர் ஏற்கவில்லை. நீதியான போரை நினைத்தும் மனம் வலிக்காதவன் மனித உணர்வையே இழந்தவன் என்று எழுதியவரும் அவர்தான். பிற்காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், இறையியலாளர் அக்குவினாஸ் இதை மூன்று நிபந்தனைகளாக வரையறுத்தார்: முறையான அதிகாரம், நியாயமான காரணம், சரியான நோக்கம். இதை நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அகுஸ்தீனின் அந்த வலியைத்தான் மறந்துவிட்டோம்.

அந்த வலி வெறும் பேச்சாக இருக்கவில்லை, சபையின் நடைமுறையாகவே இருந்தது. 4-ஆம் நூற்றாண்டில் பிஷப் பாசில் ஓர் ஆலோசனை சொல்கிறார். போரில் கொன்றதை நம் முன்னோர் கொலையாகக் கணக்கில் வைக்கவில்லை. ஆனாலும் கை சுத்தமில்லை, ஆகவே அவர்கள் மூன்று வருடம் திருவிருந்தில் பங்கெடுக்காமல் இருப்பது நல்லது என்கிறார். எழுநூறு வருடம் கழித்தும் இது உயிரோடு இருந்தது. 1066-இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில் வில்லியமின் நார்மன் படை ஜெயித்தது. போப்பின் ஆதரவு பெற்றதாகச் சொல்லப்பட்ட படை அது. ஜெயித்து வந்தவர்களுக்கு நார்மன் பிஷப்புகள் என்ன விதித்தார்கள் தெரியுமா? கொன்றது உறுதியாகத் தெரிந்தால், ஓர் ஆளுக்கு ஒரு வருடம் பாவப் பரிகாரத் தவம். அடித்தேன், செத்தானா என்று தெரியாது என்றால் ஆளுக்கு நாற்பது நாள். எத்தனை பேரைக் கொன்றோம் என்றே தெரியாதவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் வாரம் ஒரு நாள். அம்பு எய்தவர்களுக்கு யார்மேல் பட்டது என்று தெரிய வழியில்லை, அவர்களுக்கு மூன்று தவக்காலங்கள்.

இதை முதல்முறை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெரியப்பா பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்முன் வந்தது. அந்த மனிதருக்கு ஒரு காலத்துச் சபை நாள் கணக்குப் போட்டு, முடிவும் வைத்து, ஒரு வழி கொடுத்திருக்கும். எங்கள் சபை அவருக்குக் கைதட்டலைக் கொடுத்தது.

பிறகு 1095. பிரான்ஸின் கிளெர்மாண்ட் நகரில் கூடிய சபைச் சங்கத்தில் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுகிறார். பக்திக்காக மட்டும் எருசலேமுக்குப் போகிறவனுக்கு அந்தப் பயணமே எல்லாத் தவத்துக்கும் ஈடு என்று அறிவிக்கப்படுகிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் கொன்றதற்காகத் தவம் செய்யச் சொன்னார்கள். இப்போது படையெடுத்துப் போவதே தவமாகிவிட்டது. சபை சறுக்கிய இடத்தைக் காட்டு என்றால் நான் கான்ஸ்டன்டைனைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன். 1914-இல் ஜெர்மன் வீரர்களின் பெல்ட் பக்கிளில் "கடவுள் நம்மோடு" என்று பொறித்திருந்ததும் இதன் தொடர்ச்சிதான். எதிர்ப்பக்கத்துச் சபைகளும் அதே கடவுளிடம்தான் வெற்றி கேட்டுக்கொண்டிருந்தன.

சரி, அரசியலுக்கு வருகிறேன்.

16-ஆம் நூற்றாண்டில், சபைச் சீர்திருத்தக் காலத்தில் இரண்டு பாதைகள் பிரிந்தன. எனக்காக நான் அடி வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் அயலானைக் காக்கும் பதவியில் இருந்தால் பட்டயம் எடுப்பதே அன்பு என்றார் லூத்தர். 1527-இல் அனபாப்டிஸ்டுகள் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சீர்திருத்தக்காரர்கள்) ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் கூடி வேறு முடிவு எடுத்தார்கள். பட்டயம் கடவுள் ஏற்படுத்தியதுதான், ஆனால் அது கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே இருக்கிறது; ஆகவே விசுவாசி ஆளுகைப் பதவியும் ஏற்கக் கூடாது. அதை எழுதிய மைக்கேல் ஸாட்லர் சில மாதங்களிலேயே கொல்லப்பட்டார். 1534-இல் மூன்ஸ்டர் நகரத்தை ஆயுதத்தோடு பிடித்த அனபாப்டிஸ்டுகளும் உண்டு. அந்தக் கோரத்துக்குப் பிறகு மென்னோ சைமன்ஸ் போன்றவர்கள் அந்த இயக்கத்தை மறுபடி சமாதான வழிக்குத் திருப்பினார்கள்.

போர் மறுப்பு என்றால் உலகத்தை விட்டு ஒதுங்கிப் போவது என்ற எண்ணம் இங்கிருந்துதான் பலருக்கு வருகிறது. அப்போதெல்லாம் நான் டிர்க் வில்லெம்ஸ் என்ற அனபாப்டிஸ்டை நினைத்துக்கொள்வேன். 1569, நெதர்லாந்தில் ஆஸ்பெரன். சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்மேல் ஓடுகிறார். பனிக்கட்டி மெலிசு. சிறைச் சாப்பாட்டில் இளைத்திருந்தவர் எப்படியோ தாண்டிவிட்டார். துரத்தி வந்த காவலன் உள்ளே விழுந்துவிட்டான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். காவலன் அவரை விட்டுவிடத்தான் பார்த்தான். உன் சத்தியப் பிரமாணத்தை நினைத்துக்கொள் என்று நகரத் தலைவர் கரையிலிருந்து கத்தினார். பிடித்துக் கொண்டுபோய் மே 16 அன்று எரித்தார்கள். இந்தக் காட்சியை யான் லாய்கன் செதுக்கிய படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். குனிந்து இரண்டு கையையும் நீட்டியிருப்பார். கொல்ல மறுப்பவன் எதிரியைத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட முடியாது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த நீட்டிய கைகள்தான்.

போரை மறுப்பவர்கள் ஆட்சியிலேயே உட்கார்ந்ததும் உண்டு. 1680-களில் அமெரிக்காவில் தொடங்கிய பென்சில்வேனியா குடியேற்றத்தின் சட்டமன்றம் பல பத்தாண்டுகள், போரை மறுக்கும் கிறிஸ்தவக் குழுவான குவேக்கர்கள் கையில் இருந்தது. அங்கே உள்ளூர்ப் படையும் இல்லாமல் இருந்தது. 1756-இல் டெலவேர் பழங்குடியினர்மேல் போர் அறிவிக்கப்பட்டபோது குவேக்கர் உறுப்பினர்கள் சிலர் பதவியை விட்டு விலகினார்கள். ஓடிப்போய்விட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது மரியாதைக்குரிய காரியமாகவே படுகிறது. உள்ளே போகலாம், ஆனால் எந்த இடத்தில் வெளியே வருவோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ரோமர் 13-ஆம் அதிகாரத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அதிகாரி பட்டயத்தை வீணாகப் பிடித்திருக்கவில்லை என்று அதில் இருக்கிறது. அதை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து வாசிக்கிறோம். பவுல் எழுதியபோது 12-ஆம் அதிகாரம், 13-ஆம் அதிகாரம் என்ற பிரிவே கிடையாது, அது மத்தியகாலத்தில் வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான், பழிவாங்காதிருங்கள், கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள், சத்துரு பசியாயிருந்தால் போஜனங்கொடு என்று சொல்லியிருக்கிறார். உனக்கு வேண்டாம் என்று சொன்ன அதே கோபாக்கினை அடுத்த பத்தியில் அதிகாரியின் கையில் இருக்கிறது. விசுவாசி அந்தப் பதவியில் உட்காரலாமா என்று பவுல் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் லூத்தர் ஒரு விதமாகவும் ஸாட்லர் வேறு விதமாகவும் நிரப்பினார்கள்.

போர் மறுப்புக்கு எதிரான வாதத்தில் என்னைத் தூங்கவிடாதது ஒன்றுதான்: என் கன்னத்தை நான் திருப்பலாம், அடுத்தவன் குழந்தையின் கன்னத்தைத் திருப்பிக் காட்ட நான் யார்? ஹிட்லர் காலத்தில் இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. பிரான்ஸ் சரணடைந்த மறுநாள், 1940 ஜூன் 23 அன்று, லெ ஷாம்போன் என்ற மலைக் கிராமத்துப் போதகர் ஆந்த்ரே த்ரோக்மே, ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்போம் என்று பிரசங்கித்தார். அவர் போர் மறுப்பாளர். பிறகு அந்தக் கிராமமும் சுற்று வட்டாரமும் யூதப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் வீடுகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்றின. ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரும் ஒரு காலத்தில் சமாதானத்தைப் பிரசங்கித்தவர்தான். பின்னால் ஹிட்லரை அகற்றும் சதியில் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். தான் செய்வது நீதி என்று அவர் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. பிறருக்காகக் குற்றத்தைச் சுமப்பது என்றே எழுதினார். இந்த இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்டால் த்ரோக்மே பக்கம்தான் சாய்வேன். போன்ஹோஃபரைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மூன்றாவதாக ஒருவர், ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டாட்டர். எல்லாப் போரையும் மறுத்தவர் அல்ல, ஹிட்லரின் போர் அநீதியானது என்று மறுத்தவர். வீட்டில் மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும். குடும்பத்தை நினைத்துப் பார் என்று அவருடைய பிஷப்பே சொல்லிப் பார்த்தார். 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டது. 2007-இல் அதே கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தது. நீதியான போர்க் கொள்கையை ஒருவன் உண்மையாகவே நம்பினால் அவனும் ஒரு நாள் மாட்டேன் என்று சொல்ல வேண்டிவரும். தன் நாடு நடத்திய ஒரு போரையாவது அநீதி என்று சொல்லாத சபை அந்தக் கொள்கையைப் பிடித்திருப்பதாகச் சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே என் பதில் இதுதான். ஆயுதம் எடுக்க மறுக்கும் கிறிஸ்தவனுக்கு வேதத்திலும் வரலாற்றிலும் உறுதியான இடம் இருக்கிறது. நான் அங்கேதான் நிற்கிறேன். அயலானுக்காக, வலியோடு, பிறகு மனந்திரும்பும் மனதோடு எடுப்பவனுக்கும் இடம் இருக்கிறது. பெரியப்பா அங்கே நின்றார் என்று நினைக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்து ஆர்ப்பரிப்பதற்கு மட்டும் எந்த வசனத்திலும் இடத்தைக் காணோம். ஓட்டுப் போடுவது, பதவிக்குப் போவது, சட்டத்தை எதிர்ப்பது எல்லாம் செய்யலாம். நீங்கள் சிறைப்பட்டுப்போயிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றுதான் எரேமியாவும் எழுதினார். தேடச் சொன்னது தங்களைச் சிறைபிடித்த பாபிலோனுக்காக என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

எங்கள் சபையில் பொது ஜெபம் ஏறெடுக்க என் முறை வரும்போது, சண்டையில் இருக்கும் இரண்டு நாடுகளின் பெயரையும் சொல்லி, இரண்டு பக்கத்து வீரர்களின் தாய்மாருக்காகவும் ஜெபிக்கிறேன். முதல் தடவை ஒருவர் என்னிடம் வந்து, "அவங்களுக்காகவும் ஏன் ஜெபிக்கறீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். சத்துருக்களைச் சிநேகியுங்கள், அவர்களுக்காக ஜெபியுங்கள் என்று சொல்லும் மத்தேயு 5:44-ஐ எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார்.