சால்வைக்காரர் செய்த தப்பு என்ன?

கேள்வி: 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைக் கொன்றது டி.ஆர்.எஃப். (தி ரெசிஸ்டன்ஸ் ஃப்ரன்ட்) என்கிற புது இயக்கம், காஷ்மீர் இளைஞர்களே ஆரம்பித்தது என்கிறார்கள். இந்தக் குளிருக்கு ஏற்காட்டிலும் சேலத்திலும் சால்வை விற்க வரும் காஷ்மீரிகளிடம் ஒன்றும் வாங்குவதில்லை என்று எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். சரிதானே?
- வாசகர் ஒருவர், அஸ்தம்பட்டி

பதில்: சரியில்லை. கோபம் எனக்கும் உண்டு. பெண்டாட்டி பிள்ளைகள் கண்ணெதிரே, மதம் கேட்டுச் சுட்டார்கள். அதை மறக்கச் சொல்லவில்லை. உங்கள் முடிவு யார் வயிற்றில் அடிக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் 'புது இயக்கம்'. இயக்கம் எப்படிப் பிறக்கும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். மேட்டூர் பக்கம் கொளத்தூரில் 80-களில் புலிகளின் பயிற்சி முகாம் நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஒரு ஈழ இயக்கத்தின் பெயரைச் சொன்னால், அது எதிலிருந்து பிரிந்தது, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். உமாமகேஸ்வரன் பிரபாகரனோடு முறித்துக்கொண்டு புளொட்டை ஆரம்பித்தார். ஈரோஸிலிருந்து பிரிந்தவர்கள் ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஆனார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு பிளவு, ஒரு வாக்குவாதம், நாலு துண்டுப் பிரசுரம் இருந்தது.

டி.ஆர்.எஃப்.புக்கு அப்படி ஒரு பிறப்பே கிடையாது. 2019 ஆகஸ்டில் காஷ்மீருக்கு 370-ஆவது பிரிவு தந்த சிறப்புரிமை பறிக்கப்பட்டது. சில மாதங்களில் டெலிகிராமில் இந்தப் பெயர் முளைத்தது. ஆயுதமும் பணமும் ஆட்களும் பாகிஸ்தானில் இருக்கும் பயங்கரவாத இயக்கமான லஷ்கர்-இ-தொய்பாவுடையவை. அப்புறம் எதற்குப் புதுப் பெயர்? லஷ்கர் 2005 முதல் ஐ.நா. தடைப் பட்டியலில் இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பெயர் உலகத்துக்கே தெரியும். பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு 2018 ஜூனிலிருந்து 2022 அக்டோபர் வரை பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில், வைத்திருந்தது. அந்த நேரத்தில் லஷ்கர் பெயரில் குண்டு வெடித்தால் இஸ்லாமாபாத்துக்குத்தான் தலைவலி. அதனால் அரபியும் இல்லாமல், மதமும் இல்லாமல், 'தி ரெசிஸ்டன்ஸ் ஃப்ரன்ட்' என்று இங்கிலீஷில் ஒரு பெயர். கேட்கிறவன் "உள்ளூர்ப் பையன்கள்தான் பொங்கி எழுந்துவிட்டார்கள்" என்று நினைக்க வேண்டும். இது அவர்களுக்குப் பழைய பழக்கம். 2002-இல் பாகிஸ்தானே லஷ்கரைத் தடை செய்தபோது ஜமாத்-உத்-தவா என்ற பெயரில் கடையைத் தொடர்ந்து நடத்தியவர்கள் அவர்கள்.

பஹல்காமில் நடந்ததையே பாருங்கள். தாங்கள்தான் செய்தோம் என்று டி.ஆர்.எஃப். முதலில் சொன்னது. நாலு நாளில், எங்கள் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பின்வாங்கியது. தாக்குதலைக் கண்டித்த ஐ.நா. பாதுகாப்பு சபையின் அறிக்கையிலிருந்து அந்தப் பெயரை எடுக்க வைத்தது நாங்கள்தான் என்று பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் இஷாக் டார் அவர்கள் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். சம்பந்தமே இல்லாத உள்ளூர்ப் பையன்களுக்காக ஒரு அரசாங்கம் இவ்வளவு மெனக்கெடுமா? 2025 ஜூலையில் அமெரிக்கா இதை லஷ்கரின் முகமூடி என்று சொல்லி பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. இந்தியா 2023 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது.

காஷ்மீரில் சொந்த மண்ணில் முளைத்த இயக்கமே இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 80-களின் கடைசியில், தனி காஷ்மீர் கேட்ட ஜே.கே.எல்.எஃப். பின்னால் போனவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள்தான். பஹல்காம் கொலைகாரர்களுக்கு இடம் கொடுத்ததாக உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேரை தேசியப் புலனாய்வு அமைப்பான என்.ஐ.ஏ. கைதும் செய்தது. ஆனால் அந்த ஜூலை கடைசியில் நம் படைகள் சுட்டுக் கொன்ற கொலைகாரர்கள் மூவரும் பாகிஸ்தானியர் என்று அமித் ஷா மக்களவையில் சொன்னார். செத்த 26 பேரில் ஒருவர் அந்த ஊரில் குதிரை ஓட்டிப் பிழைத்த முஸ்லிம். மறுநாள் பள்ளத்தாக்கு முழுக்கக் கடையடைப்பு. கொலையைக் கண்டித்து மசூதி ஒலிபெருக்கியில் பேசினார்கள்.

இப்போது உங்கள் சால்வைக்காரருக்கு வருகிறேன். 'இது காஷ்மீரிகள் செய்த வேலை' என்று நம்மை நம்பவைக்கத்தான் அந்தப் பெயரையே வைத்தார்கள். அதை நம்பி ஒரு காஷ்மீரியை வாசலோடு திருப்பி அனுப்பினால், பெயர் வைத்தவன் நினைத்ததை நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள். வெறுங்கையோடு ஊர் திரும்புகிற அவரிடம், "பார்த்தாயா, உன்னை அவர்கள் சேர்க்க மாட்டார்கள்" என்று சொல்ல அங்கே ஆள் காத்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வருவார். பத்து வருஷப் பழக்கம். மூட்டையைத் திண்ணையில் இறக்கிவிட்டு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். விரித்துக் காட்டிய சால்வையை அம்மா மடிக்கத் தெரியாமல் மடித்தால், சிரித்துக்கொண்டே வாங்கித் திருப்பி மடிப்பார். முழுப் பணத்தையும் உடனே கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, அதில் எங்கள் தெருப் பெண்களின் பெயர்கள் எல்லாம் உருது எழுத்தில் இருக்கும். போன மார்கழியில் வாங்கிய சாம்பல் நிறச் சால்வைக்கு அம்மா பெயரில் இன்னும் 300 ரூபாய் பாக்கி. பஹல்காமுக்குப் பிறகு அவர் வரவில்லை. வந்தால் கொடுக்கச் சொல்லி அம்மா பணத்தை எடுத்து வைத்திருக்கிறார்.

உங்கள் தெருவிலும் அந்த நோட்டில் பெயர் உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். முடிவை அப்புறம் எடுக்கலாம்.