சொர்க்கத்துல சரக்கு எதுக்கு?

கேள்வி: போன இதழ்ல பரிசு வாங்கின சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதையில, 2350ல பசி, நோய், சண்டை எதுவுமே இல்லாத ஒரு ஊர்ல ஜனங்க ராத்திரி மரத்தடியில உக்காந்து குடிக்கிறாங்க. எல்லாமே கிடைச்சவனுக்கு போதை எதுக்கு? குடிங்கிறது மனசுல தெம்பு இல்லாதவன் பண்ற வேலை. அந்த மாதிரி ஆளே இல்லாத உலகம்தானே உன்னதமான உலகம்? இதுக்குப் போய் எப்படிப் பரிசு குடுத்தீங்க?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: நண்பரே, உங்களுக்கு முன்னாடியே ஒரு பையன் இதே கேள்வியைக் கேட்டுட்டான். ஸ்டார் ட்ரெக்னு விண்வெளிக் கப்பல்ல நடக்கற டிவி தொடர், அதுல 1988ல வந்த ஒரு எபிசோட், பையன் பேரு வெஸ்லி. பணத்துக்குத் தேவையே இல்லாத, பசியை ஜெயிச்சுட்ட ஒரு காலத்துல வளர்றவன். ஒருத்தன் தானாப் போய் ஏன் ஒரு கெமிக்கலுக்கு அடிமை ஆகணும், எனக்குப் புரியலையேன்னு கேக்கறான். அவனுக்குப் பதில் சொல்றது டாஷாங்கிற பாதுகாப்பு அதிகாரி, அவ பொறந்ததோ வறுமையும் வன்முறையும் தலைவிரிச்சு ஆடின ஒரு கிரகத்துல. அங்க இருந்த சிலருக்கு தப்பிச்சுப் போக இருந்த ஒரே வழி போதைதான்னு அவ சொல்றா. பையனுக்கு அப்பவும் புரியல. உனக்கு என்னைக்குமே புரியாம இருக்கட்டும்ங்கற மாதிரி சொல்லிட்டு விட்டுடறா.

எனக்கு அந்த சீன் ரொம்பப் பிடிக்கும். பையன் கேட்டதுல தப்பு இல்ல, அவன் பார்த்தது இல்ல. ஆனா நீங்க பார்த்திருப்பீங்க, நம்ம ஊர்ல பார்க்காம இருக்க முடியாது, பார்த்த பிறகும் "தெம்பு இல்லாதவன்"னு எழுதறீங்களே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

என் பெரியப்பாவைச் சொல்றேன். நெல் மூட்டையை ஒத்தை ஆளா லாரில ஏத்துவார். காலையில அஞ்சு மணிக்கு கடைசி அறையில உக்காந்துட்டு, துண்டைக் கழுத்தைச் சுத்திப் போட்டு, ஒரு முனையை டம்ளரோட சேத்து வலது கையில பிடிச்சுக்குவார், இன்னொரு முனையை இடது கையால மெதுவா இழுப்பார், டம்ளர் கொஞ்சம் கொஞ்சமா வாய்க்கிட்ட வரும். வெறும் கையில எடுத்தா நடுக்கத்துல பாதி சிந்திடும், அதுக்குத்தான் துண்டு. எனக்கு அப்ப ஒம்பது வயசு, கதவு இடுக்குல நின்னு பார்த்திருக்கேன். அவர் மூஞ்சில சந்தோஷம்னு ஒண்ணு இல்லவே இல்ல. அது மனசுத் தெம்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லைங்க, உடம்பு அந்த சாராயம் இல்லாம ஓட மாட்டேங்குது, திடீர்னு நிறுத்தினா ஜன்னி வந்து உயிரே போகற அபாயம் கூட உண்டு. அவரே பதினாலு மாசம் விட்டிருந்தார், அதைக் கடைசில சொல்றேன்.

அதே எபிசோடோட கதையைக் கேளுங்க. ஆர்னாரா, ப்ரெக்கான்னு ரெண்டு கிரகம். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி கொள்ளைநோய் வந்து, ஃபெலீசியம்னு ஒரு மருந்துல குணமாச்சு. நோய் எப்பவோ போயிடுச்சு, ஆனா ஆர்னாரா ஜனங்க விடாம அந்த மருந்தை வாங்கிட்டே இருக்காங்க, நிறுத்தினா உடம்பு உதறுது, அதை இன்னும் நோய்னே நம்பறாங்க. ப்ரெக்காகாரங்களுக்கு உண்மை தெரியும். அங்க வேற தொழிலே கிடையாது, ஃபெலீசியம் தயாரிக்கறது மட்டும்தான், சாப்பாட்டுலேருந்து துணி வரைக்கும் ஆர்னாரா ஜனங்க பாடுபட்டு அனுப்பறாங்க. குட்டு வெளிப்பட்டதும் ப்ரெக்கா வியாபாரிங்க என்ன பண்றாங்க தெரியுமா, இந்த வாட்டி சும்மாவே எடுத்துட்டுப் போங்கன்னு தர்றாங்க! வாடிக்கை அறுந்துடக்கூடாது இல்ல. இதுல யாரு மனசுத் தெம்பு இல்லாதவன்? உதறிட்டு நிக்கறவனா, தெரிஞ்சே ஊத்திக் குடுக்கறவனா? உங்க கேள்வில ரெண்டாவது ஆள் வரவே இல்ல.

1932ல ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதின நாவல்ல அந்த ரெண்டாவது ஆள் அரசாங்கமே. சோமான்னு ஒரு மாத்திரை, பேரு நம்ம வேதத்துலேருந்து எடுத்தது, மறுநாள் தலைவலி கிடையாது, மப்புல வம்பு சண்டை கிடையாது, வேலை முடிஞ்சு வரிசைல நின்னா ரேஷன் மாதிரி கையில குடுத்துடுவாங்க. லிண்டான்னு ஒரு பொம்பளை அதையே ஒரு நாளைக்கு இருபது கிராம் வரைக்கும் போட்டுட்டுப் படுத்தே கிடக்கறா, இன்னும் மாசக்கணக்குலதான் உயிரோட இருப்பான்னு டாக்டருக்குத் தெரியும், தெரிஞ்சும் அவர் தடுக்கல. அவ பையன் ஜான் இருக்கானே, அம்மா செத்த அன்னைக்கு அதே ஆஸ்பத்திரியில மாத்திரைக்கு வரிசைல நின்ன தொழிலாளிங்களைப் பார்த்து வெறி வந்து, பெட்டியோட எடுத்து ஜன்னல் வழியா வெளிய கொட்டறான். கலாட்டா ஆகுது, போலீஸ் வருது. லத்தி எல்லாம் இல்ல, முதுகுல மாட்டின மெஷின்லேருந்து சோமாவையே புகையா அடிக்கறாங்க, கொஞ்ச நேரத்துல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழறாங்க. படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. வேணாம்னு சொல்றவனுக்கும் மூக்கு வழியா ஏத்தி விடறாங்க, அதுக்குப் பேரு அங்க அமைதி. அதே ஹக்ஸ்லி 1962ல எழுதின தீவுக் கதையில மோட்சம்ங்கிற நம்ம வார்த்தையையே வச்சு ஒரு மருந்து வரும். அங்க மலையேறி உயிரைக் கையில பிடிச்சுட்டுத் திரும்பின வயசுப் பசங்களுக்குப் பெரியவங்க பக்கத்துல உக்காந்து குடுப்பாங்க, தினமும் விழுங்கறதுக்கு இல்ல. ரெண்டுமே அதே மனுஷன் எழுதினதுதான். மாறினது யார் கை குடுக்குது, எதுக்காகக் குடுக்குதுங்கறதுதான்.

"எல்லாம் கிடைச்சவனுக்கு எதுக்கு"ன்னு கேட்டீங்க. அதுல பாதி நியாயம் இருக்கு, இல்லைங்கல. வியட்நாம் போர்ல இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க நிறைய பேர் ஹெராயின் எடுத்தாங்க, 1971ல அரசாங்கமே பயந்துபோய் லீ ராபின்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளரை வச்சு ஆய்வு பண்ணினாங்க. அஞ்சுல ஒருத்தர் அங்க இருக்கும்போது அடிமை ஆயிருந்தாங்க. ஆனா ஊர் திரும்பினதுக்கு அப்புறம், அடிமையா இருந்தவங்கள்ல முதல் வருஷத்துல மறுபடி அடிமை ஆனது நூத்துக்கு அஞ்சு பேர் மாதிரிதான். அந்தக் காடு, அந்த சாவு பயம், அந்தக் கூட்டாளிங்க, எதுவும் ஊர்ல இல்ல, சரக்கும் அங்க மாதிரி கைக்கெட்டின விலையில இல்ல, பெரும்பாலானவங்க விட்டுட்டாங்க. அதனால நல்ல உலகத்துல போதைக்கு அடிமை ஆகறவங்க குறைவாத்தான் இருப்பாங்க, ஆனா அந்த நூத்துக்கு அஞ்சு பேரும் மனுஷங்கதானே, அவங்களை என்ன பண்ணப் போறீங்க? "அப்படிப்பட்டவங்களே இல்லாத உலகம்"னு எழுதறப்ப அவங்களை எங்க அனுப்பறதா நினைச்சீங்க?

இன்னொண்ணு, வலிக்காக மட்டும் மனுஷன் குடிக்கறது இல்ல. ஸ்டார் ட்ரெக் உலகத்துல சிந்தஹால்னு ஒண்ணு உண்டு, ருசி இருக்கும், லேசா ஏறும், ஆனா வேணும்னா சட்டுனு உதறிட்டு டியூட்டிக்குப் போயிடலாம். கேக்க நல்லாத்தானே இருக்கு. 1992ல ஒரு எபிசோட்ல ஸ்காட்டின்னு பழைய கப்பலோட எஞ்சினியர், எழுபத்தஞ்சு வருஷம் ஒரு மெஷினுக்குள்ள உறைஞ்சு கிடந்துட்டு எழுந்து வர்றார். அவர் கப்பலும் அவர் காலமும் எப்பவோ போயாச்சு, இங்க யாருக்கும் அவர் வேண்டியதில்ல. பார்ல ஸ்காட்ச் கேக்கறார், ஒரு வாய் வச்சதுமே இது ஸ்காட்ச் இல்லைன்னு கண்டுபிடிச்சுடறார். அப்புறம் உள்ளேருந்து ஒரு நிஜ பாட்டில் வருது, எடுத்துக் குடுத்தவருக்கே என்னன்னு தெரியல, பச்சையா இருக்கு, அவ்வளவுதான். அதை எடுத்துட்டுப் போய், கம்ப்யூட்டரை விட்டுத் தன் பழைய கப்பலோட அறையை அப்படியே உண்டாக்கச் சொல்லி, காலியா கிடக்கற நாற்காலிங்களைப் பார்த்து க்ளாஸைத் தூக்கறார். கொஞ்ச நேரத்துல கேப்டன் பிக்கார்ட் வந்து, நான் வரலாமான்னு கேட்டுட்டு, பக்கத்துல உக்காந்து அதே பாட்டில்லேருந்து தானும் ஒரு க்ளாஸ் குடிச்சுட்டு, தன்னோட முதல் கப்பலைப் பத்திப் பேச ஆரம்பிக்கறார். ஸ்காட்டிக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது பக்கத்துல உக்கார ஒரு ஆள். பாட்டில் ஒரு சாக்கு. ஆனா அந்த சாக்கை மனுஷன் இத்தனை ஆயிரம் வருஷமா வச்சிருக்கான், அதைப் பிடுங்கறவன் அந்த இடத்துல வேற என்ன வைக்கப் போறான்னும் சொல்லணும்.

கல்ச்சர்னு ஒரு விண்வெளி நாகரிகத்தைப் பத்தி இயன் பேங்க்ஸ் எழுதின நாவல்கள்ல இன்னும் ஒரு படி மேல. முதல் நாவல் 1987, சிந்தஹால் வந்த ஸ்டார் ட்ரெக் தொடர் ஆரம்பிச்ச அதே வருஷம். அங்க ஜனங்களுக்கு உடம்புக்குள்ளயே சுரப்பி வச்சிருக்கும், நினைச்சா வேணுங்கற போதை ரத்தத்துல கலக்கும், அடிமை ஆகற பேச்சே கிடையாது. கடை இல்ல, கடைக்காரன் இல்ல, அதனால ப்ரெக்காவும் இல்ல. நான் படிச்சதுல போதை விஷயத்துல நேர்மையான கற்பனை இதுதான்னு சொல்வேன். நிஜத்துலயும் லண்டன்ல டேவிட் நட்ங்கிற பேராசிரியர், மூளையைச் சாந்தப்படுத்தற காபான்னு ஒரு பாதையை மட்டும் தொட்டு இளக்கம் தர்ற மாதிரி, சாராயத்தோட விஷம் இல்லாத ஒரு பொருளுக்குப் பல வருஷமா முயற்சி பண்ணிட்டிருக்கார். வரட்டும், நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2019ல மட்டும் மதுவால செத்தவங்க 26 லட்சம் பேர். அதுல பாதி குறைஞ்சாலும் எத்தனை வீட்டுல அடுப்பு ஒழுங்கா எரியும்.

ஆனா ஒரு கதை என்னை விடவே மாட்டேங்குது. 1973ல உர்சுலா லெ குவின் எழுதினது, ஓமெலாஸ்னு ஒரு ஆனந்தபுரி. "இங்க போதை இல்லைன்னுதான் முதல்ல நினைச்சேன், ஆனா அது ரொம்ப ஆச்சாரம் பார்க்கறதா இருக்கு"ன்னு கதை சொல்றவங்களே சொல்லிட்டு, அடிமை ஆக்காத ஒரு இனிப்பான போதையும் அது வேணாங்கறவங்களுக்கு பீரும் வச்சுக் குடுக்கறாங்க. நீங்களும் போதை இருக்காதுன்னுதான் முதல்ல நினைச்சீங்க, இல்லையா? ஆனா அந்த ஊர் சந்தோஷம் மொத்தமும், ஒரு குழந்தையை இருட்டுல, அழுக்குல, பாதாள அறையில பூட்டி வச்சிருக்கறதுல நிக்குது. எல்லாருக்கும் அது தெரியும். ஒரு ஊர் நல்ல ஊரான்னு பார்க்கறதுக்கு, மரத்தடியில க்ளாஸ் இருக்கான்னு பார்த்தா போதாதுங்க, கீழ எந்தக் கதவு பூட்டியிருக்குன்னு பார்க்கணும். குடிக்கறவங்களை எல்லாம் களைஞ்சுட்டு வர்ற உங்க உன்னத உலகத்துக்குக் கீழயும் அப்படி ஒரு அறை இருக்கு, அதுல என் பெரியப்பா இருப்பார்.

பதினாலு மாசம்னு சொன்னேன்ல. ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துல முடிஞ்சுது. மண்டபத்துக்குப் பின்னாடி டெம்போ நிழல்ல நாலஞ்சு பேர், எல்லாரும் அவர் மேல பிரியமானவங்கதான், "அண்ணே, ஒரே ஒரு கட்டிங், மாப்பிள்ளைக்காக"ன்னு. அவர் டம்ளர் மேல கையை வச்சு மூடினார். ஒருத்தர் சிரிச்சுட்டே அந்தக் கையை எடுத்து விட்டார். மறுபடி மூடினார், மறுபடி எடுத்து விட்டாங்க. மூணாவது வாட்டி அவர் மூடல. நான் டெம்போ படியில உக்காந்து ஐஸ்கிரீம் தின்னுட்டிருந்தேன். அடுத்த வருஷம் அவர் இல்ல.

பரிசு ஏன்னு கேட்டீங்களே. அந்தக் கதையை மறுபடி எடுத்துப் பாருங்க, ரெண்டாவது பக்கம் நடுவுல வரும். மரத்தடியில சுத்தி உக்காந்திருக்காங்க, குடுவை கை மாறி கை மாறி வருது, ஒரு பையன் தன் குவளை மேல உள்ளங்கையை வச்சு மூடறான். ஊத்திட்டு வந்த கிழவி நிக்காம அடுத்த ஆளுக்குப் போயிடறா, யாரும் ஏன்னு கேக்கல, பேச்சு பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. எழுதின பொண்ணுக்கு இருபத்திரெண்டு வயசு. அந்த நாலு வரிக்குத்தான் பரிசு குடுத்தேன்.