விறகு வாங்குவோர் கேள்விகள்: ஒரு கோர்ட் என்றால் எவ்வளவு?

கனடாவின் ஒன்ராறியோவில் விறகடுப்பால் வீட்டைச் சூடாக்கும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோர்ட் (cord) என்பது இங்கே விறகை அளந்து விற்கும் அலகு. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

இணைய விளம்பரம் பார்த்து மூன்று "ஃபேஸ் கோர்ட்" விறகு வாங்கினேன். மூன்றும் சேர்ந்தால் ஒரு முழுக் கோர்ட் என்று விற்றவர் சொன்னார். அடுக்கிப் பார்த்தால் குறைகிறது. நான் ஏமாந்துவிட்டேனா? (பீற்றர்பரோ)

ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள்; அதைக் கண்டுபிடிக்கும் சரியான வழியையும் நீங்களே செய்திருக்கிறீர்கள். கனடாவின் அளவைச் சட்டப்படி ஒரு கோர்ட் என்பது 128 கன அடி. அதாவது நெருக்கி அடுக்கிய நிலையில் 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளம். "ஃபேஸ் கோர்ட்" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. முன்பக்கம் 4 அடிக்கு 8 அடி இருந்தால் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். ஆழம் கட்டையின் நீளத்தைப் பொறுத்தது. கட்டை 16 அங்குலம் என்றால் மூன்று அடுக்கு சேர்ந்து ஒரு கோர்ட் ஆகும். 12 அங்குலக் கட்டை என்றால் மூன்றும் சேர்ந்தாலும் 96 கன அடிதான். உங்கள் கட்டை அந்த நீளம்தான் என்றால், நீங்கள் காசு கொடுத்ததில் கால்பங்கு வரவே இல்லை.

பல ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதிவருகிறேன், இன்னும் கோபம் தணியவில்லை. ஊரில் அரிசி அளக்கும் கொத்து கடைக்குக் கடை சிறுத்துப் பெருத்தால் நம் வீட்டுப் பெண்கள் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்க மாட்டார்கள். அதே நாம் இங்கே "ஒரு ட்ரக் லோட்" என்ற சொல்லைக் கேட்டுப் பேசாமல் காசை எண்ணிக் கொடுக்கிறோம். ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம், 20 அங்குல ஆழம் உள்ள பிக்கப் பெட்டியில் விளிம்புவரை இடைவெளியின்றி அடுக்கினாலும் 54 கன அடிதான் கொள்ளும். அது அரைக் கோர்ட்டுக்கும் குறைவு. அள்ளி எறிந்து நிரப்பினால் அதிலும் பெரும்பகுதி காற்று. ஆகவே விலை கேட்கும்போதே "128 கன அடிக்கு என்ன விலை, கட்டை எத்தனை அங்குலம்?" என்று கேளுங்கள். விற்பவரின் பெயர், முகவரி, அளவு, விலை ஆகியவை எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் விறகில் ஒரு கட்டையைக்கூட இப்போது எரிக்க வேண்டாம். அடுக்கை அளவுநாடாவோடு படமெடுத்து முதலில் விற்றவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் மெஷர்மென்ட் கனடா என்ற மத்திய அரசு அமைப்பிடம் முறையிடுங்கள். எரித்த விறகை யாராலும் அளக்க முடியாது.

ஒக்டோபரில் "நன்றாகக் காய்ந்தது" என்று வாங்கிய மேப்பிள் அடுப்பில் சீறுகிறது, கண்ணாடி கறுத்துவிட்டது. காற்றுத் திறப்பை எனக்குச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்கிறார் விற்றவர். (கிங்ஸ்டன்)

தவறு உங்களுடையது அல்ல. எரியும் கட்டையின் வெட்டுமுனையைப் பாருங்கள்: அங்கே நுரை கொப்புளித்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, நீங்கள் வாங்கிய சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போகிறது.

இந்த வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில் நானும் இப்படித்தான் வாங்கினேன். இரண்டு ஆண்டு காய்ந்த ஓக் என்று சொல்லித் தந்தார்கள், நான் நம்பினேன். ஜனவரி நடுவில் அடுப்புக் குழாயின் முழங்கை மூட்டிலிருந்து தேன் நிறத்தில் ஏதோ வழிந்து, அடுப்பின் மேல் சொட்டிக் கருகியது. புகைபோக்கி துப்புரவு செய்ய வந்தவர் பளபளக்கும் கரிய செதில்களை வாளி நிறைய வெளியே கொண்டுவந்தார். அதுதான் கிரியோசோட், ஈர விறகின் புகை குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து உண்டாவது, பற்றினால் புகைபோக்கியே எரியும். அந்த வாளியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விற்றவர் பொய் சொல்லவில்லை என்பது பின்னர்தான் விளங்கியது. மரத்தை வெட்டி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது, ஆனால் அது முழு உருளையாகவே கிடந்து, விற்பதற்கு முந்திய வாரம்தான் பிளக்கப்பட்டிருந்தது. பட்டை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பிளந்த பிறகே மரம் ஒழுங்காகக் காயத் தொடங்கும். எனவே "எப்போது வெட்டினீர்கள்?" என்று கேட்காதீர்கள், "எப்போது பிளந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் பழைய மேற்பரப்பில் குத்தினால் அது குறைத்துக் காட்டும். ஒரு கட்டையை அங்கேயே பிளக்கச் சொல்லி, புதிய முகத்தின் நடுவில் குத்துங்கள். 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்தக் குளிருக்கு அது உதவாது. உறைந்த கட்டையிலும் அளவு பொய்யாகக் குறையும், அதனால் வீட்டுக்குள் வைத்துக் குளிர் போன பின் அளக்க வேண்டும்.

ஓக் வாங்கினால் எப்போது எரிக்கலாம்? (லண்டன், ஒன்ராறியோ)

பிளந்து அடுக்கியபின் குறைந்தது இரண்டு கோடை கழிய வேண்டும்.

பழைய விறகடுப்பு ஒன்றை மலிவாக வாங்கி நானே பொருத்திவிட்டேன். இப்போது காப்புறுதி நிறுவனம் "வெட்" (WETT) எனப்படும் விறகடுப்புப் பாதுகாப்புப் பரிசோதனை அறிக்கை கேட்கிறது. அடுப்பில் சான்றிதழ்த் தகடு இல்லை. என்ன செய்யலாம்? (பெல்வில்)

வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பரிசோதகர் முதலில் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். சுவரிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்கும். தகடு இல்லாத அடுப்புக்கு மிக அதிக இடைவெளி விட வேண்டும், பல காப்புறுதி நிறுவனங்கள் அப்படியும் ஏற்பதில்லை. பரிசோதனை முடியும்வரை அதைப் பற்றவைக்காதீர்கள். பிள்ளைகள் தூங்கும் வீடு என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். கரியோரொட்சைட்டு (கார்பன் மோனொக்சைட் என்ற நச்சு வாயு) எச்சரிக்கை மணி வைத்திருப்பதாக எழுதவில்லை. எரிபொருள் எரிக்கும் வீடுகளில் அது 2014 முதல் இந்த மாகாணத்தில் சட்டக் கட்டாயம். இன்றே வாங்குங்கள்.

வின்சரில் மாமா வீட்டில் பட்டுப்போன ஆஷ் மரம் இலவசமாகக் கிடைக்கிறது. மஸ்கோகாவில் உள்ள கொட்டேஜுக்கு எடுத்துப் போகலாமா? (மிசிசாகா)

வேண்டாம். அந்த மரத்தைக் கொன்றிருக்கக்கூடிய மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு 2002இல் வின்சரில்தான் கனடாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அது தொலைதூரம் பரவியதற்கு விறகு ஏற்றிப்போனது ஒரு முக்கிய காரணம். எரிக்கும் இடத்துக்கு அருகில் வாங்குங்கள்.

ஆண்டுக்கு மூன்று கோர்ட் பிளக்க ஹைட்ரோலிக் இயந்திரம் வாங்குவது நல்லதா? (ஓட்டாவா)

வாடகைக்கு எடுங்கள், ஒரு வார இறுதி போதும், மீதி நாட்களில் அது இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். நேர்நரம்புள்ள மேப்பிளும் ஆஷும் கடுங்குளிரில் உறைந்திருக்கும்போது கையால் பிளக்கவே எளிது. அதற்கு ஆறு முதல் எட்டு இறாத்தல் எடையுள்ள, தலை தடித்த பிளவுக் கோடாலி வேண்டும். மெல்லிய அலகுள்ள அழகான கோடாலி ஒன்றை அதிக விலைக்கு நான் வாங்கியிருந்தேன். அது மரத்துக்குள் இறுகிக்கொள்ளுமே தவிரப் பிளக்காது. எல்ம் மட்டும் விதிவிலக்கு: நார் பின்னிக் கிடக்கும் மரம் அது, இயந்திரத்துக்கே விட்டுவிடுங்கள்.

நானும் மனைவியும் ஓய்வுபெற்று ஹலிபேர்ட்டனில் குடியேறியிருக்கிறோம். மூன்று ஆண்டு விறகை முன்கூட்டியே அடுக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு காசை முடக்குவது சரியா? போன முறை தரைவரை தார்ப்பாய் போட்டு மூடியதில் எல்லாம் பூஞ்சணம் பிடித்தது.

சரிதான். பச்சை விறகு காய்ந்ததைவிட மலிவு, இளவேனிலில் இன்னும் பேரம் பேசலாம்; காயவைக்கும் வேலையைச் சும்மா கிடக்கும் உங்கள் நிலம் செய்துவிடும். ஒரேயடியாக மூன்று ஆண்டுக்கு வாங்க வேண்டியதில்லை. ஆண்டுத் தேவையோடு பாதியைச் சேர்த்து வாங்கிவந்தால் நான்காம் ஆண்டு முடிவில் இரண்டு ஆண்டு விறகு கையிருப்பில் இருக்கும். அதற்குள் மேப்பிளும் ஆஷும் வாங்குங்கள், ஓக்கை ஒதுக்குங்கள்.

தார்ப்பாயை மேலே ஓர் அடி தொங்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். அடுக்கு தரையில் படாமல் கீழே இரண்டு நீளக் கம்புகளைக் கொடுங்கள், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, காற்றடிக்கும் பக்கம் பார்த்து ஒற்றை வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு வரிசையின் முனைக் கட்டையிலும் பிளந்த மாதத்தையும் ஆண்டையும் தீந்தையால் எழுதிவிடுங்கள். என் முற்றத்தில் இப்போது மூன்று வரிசைகள் நிற்கின்றன. இந்தக் குளிருக்கு எடுப்பதன் முனைகள் சாம்பல் நிறமாகி நட்சத்திரம்போல வெடித்திருக்கின்றன, இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது.