நர்சிங் மாணவிகளைப் பொம்மையில் பழக்குவது வார்டுப் பயிற்சிக்கு ஈடாகுமா?

மகள் திருவாரூர் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள், பாதி நாள் பொம்மையோடுதான் பயிற்சி என்கிறாள், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வார்டுக்கே போகாமல் என்றால் போதாது. ஆனால் இதைப் பழகாமல் வார்டுக்கு அனுப்புவது பெரிய தப்பு. நர்சிங் ஆசிரியையாக இதை அழுத்தியே சொல்கிறேன்.

இது புதுசும் இல்லை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் 1911-லேயே 'மிஸஸ் சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மையை வைத்துப் பழக்கினார்கள். நம் இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்திலும் சிமுலேஷன், அதாவது பொம்மையை வைத்தோ நடித்தோ நிஜம் போலவே பழகும் பயிற்சி உண்டு.

நம் டெல்டாவுக்கு ஏற்ற பயிற்சி ஒன்று, கட்டுவிரியன் கடி. தரையில் படுத்துத் தூங்கிய நடவுக்காரப் பெண் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருகிறார். வீக்கம் இல்லை, பாம்பு கடித்ததே அவருக்குத் தெரியாது. சீனியர் மாணவி ஒருத்தி நோயாளியாக நடிப்பாள். கண் இமை மெல்ல இறங்கும், பேச்சு குழறும். அதைக் கவனித்து உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏறும்போது ஒவ்வாமை வரலாம், அதற்கு அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும். மூச்சு தளர்கிற கட்டத்தில் படுக்கையில் பொம்மை வந்துவிடும்; மூச்சுக் கொடுக்கக் கையால் அழுத்தும் ஆம்பு பையைப் பழகுவது அதில்தான்.

முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். டீபிரீஃபிங் என்பார்கள். என்னைக் கேட்டால் பாடமே அங்கேதான் நடக்கிறது. "இமை இறங்கினதைப் பார்த்தேன் மேடம், தூக்கக் கலக்கம்னு நினைச்சேன்" என்று ஒரு மாணவி சொன்னாள். திட்டவில்லை; வேறு என்ன பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும் என்று அவளையே யோசிக்க வைத்தோம். உயிர் ஊசலாடும்போது வார்டில் யாருக்கு இந்த நிதானம் இருக்கும்?

அமெரிக்க மாநில நர்சிங் வாரியங்களின் கூட்டமைப்பு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வார்டு நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றியும் மாணவர்களின் திறமை குறையவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான டீபிரீஃபிங்கும் அதில் இருந்தன. ஆனாலும் நீரிழந்த பாட்டியின் கையில் நரம்பு தேடுவதையும், அழுகிற உறவினரைச் சமாளிப்பதையும் வார்டில்தான் கற்க முடியும்.

கல்லூரிக்குப் போனால் ஒரு குழுவில் எத்தனை பேர், பயிற்சிக்கு அப்புறம் பேச எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். முப்பது பேர் ஒரு பொம்மையைச் சுற்றி நின்றால் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது.