பழைய கணினியின் ஷேர் ஃபோல்டரை ஆள் வைத்துச் சோதிப்பது என்றால் என்ன?

காரைக்குடிப் பக்கம் பல கடைகளில் கணக்கு இன்னும் பழைய விண்டோஸ் கணினியில்தான் இருக்கிறது. அதன் ஃபோல்டரை மற்ற கணினிகள் நெட்வொர்க் வழியாகத் திறக்கும். அந்த வழியில் ஓட்டை உண்டா என்று உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு பார்ப்பதே இந்தச் சோதனை.

ஏன் தேவை? அந்தப் பகிர்வு முறையின் பெயர் எஸ்எம்பி. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சில் திருத்தம் கொடுத்தது. போடாதவர்களை மே மாதமே வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பிடித்தது. கடவுச்சொல்லே கேட்காமல் கணினிக்குக் கணினி தாவியது.

செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் தேக்குக் கதவு கம்பீரமாக நிற்கும், பின்பூட்டு துருப்பிடித்திருக்கும். வீட்டுக்காரர் சொல்லி ஆசாரி அதை ஆட்டிப் பார்த்தால் அது வேலை. சொல்லாமல் வேறொருவர் ஆட்டினால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவும் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் இழப்பீடு கேட்கிறது.

எந்தக் கணினி, எந்த நேரம் என்பதையும் எழுதி வாங்குங்கள். முதலில் பேக்கப். ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்தே காட்டுகிறேன் என்று முயன்றால் பழைய இயந்திரம் நீலத்திரையோடு படுத்துவிடலாம். அப்புறம் திருத்தம் போடுங்கள், முடிந்தால் எஸ்எம்பி முதல் பதிப்பையே அணைத்துவிடுங்கள்.

"அந்தக் கணினியில் இன்டர்நெட்டே இல்லையே, பயமில்லை" என்பார்கள். அதே நெட்வொர்க்கில் தொற்றுள்ள ஒரு லேப்டாப் இணைந்தாலே போதும்.