கஸ்டம் எலிமென்ட் ஆதரவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மொரீசியஸில் எபேனில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய திறமூல காம்பொனென்ட் ஃபிரேம்வொர்க்கைப் பராமரித்து வருகிறோம். ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கத்துக் கோவில்கள் இரண்டின் தளங்களும் அதில்தான் ஓடுகின்றன. வெப் காம்பொனென்ட் (எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல் பிரௌசரே புரிந்துகொள்ளும் காம்பொனென்ட்) ஆதரவு வேண்டும் என்று பயனர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஷேடோ டாமுக்கு (பக்கத்தின் மற்றப் பகுதியிலிருந்து பிரித்து வைக்கப்படும் தனி எலிமென்ட் மரம்) மாற்றி எழுதிவிடலாம் என்பது ஒரு நண்பரின் யோசனை. முன்னோட்டமாக எங்கள் தெரிவுப்பெட்டியை மட்டும் மாற்றிக் காவடிப் பதிவுப் படிவத்தில் வைத்தோம். பெயரும் தொலைபேசி எண்ணும் சர்வருக்கு வந்தன. காவடியா, பால்குடமா என்ற தெரிவு வரவேயில்லை. எங்கிருந்து தொடங்குவது? பழைய பயனர்களின் பக்கங்கள் உடையாமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: செய்யலாம். ஆனால் நண்பர் சொல்லும் வழியில் இறங்காதீர்கள். ‘வெப் காம்பொனென்ட் ஆதரவு’ என்று பயனர்கள் கேட்பதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. வேறு யாரோ எழுதிய கஸ்டம் எலிமென்ட்டை (சொந்தமாகப் பெயரிட்டு உருவாக்கிய எச்டிஎம்எல் டேக்) உங்கள் டெம்ப்ளேட்டில் வைத்தால் அது சரியாக இயங்க வேண்டும் என்பது ஒன்று. உங்கள் காம்பொனென்ட்டை கஸ்டம் எலிமென்ட்டாக வெளியே கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வேலையை முதலில் முடியுங்கள். சிறிய வேலைதான், அதன் பலனோ எல்லாப் பயனர்களுக்கும் உடனே கிடைக்கும். அதில் கற்றுக்கொள்வது இரண்டாவதற்கு அப்படியே உதவும்.

பிரௌசர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கஸ்டம் எலிமென்ட்டும் ஷேடோ டாமும் குரோமில் 2016 முதலும், சஃபாரியில் 2017 முதலும், ஃபயர்ஃபாக்ஸில் 2018 அக்டோபரில் வந்த 63ஆம் பதிப்பு முதலும் இருக்கின்றன. எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறியதோடு கடைசித் தடையும் போய்விட்டது. பாலிஃபில் (பழைய பிரௌசருக்கு இல்லாத வசதியை ஈடுகட்டும் நிரல்) எதையும் சேர்க்காதீர்கள். ஒன்றை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்: பட்டன், இன்புட் போன்ற உள்ளமைந்த டேக்குகளை ‘இஸ்’ அட்ரிப்யூட் வழியாக நீட்டிக்கும் முறை. சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்டின் குழு அதைச் செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. இங்கே ஐபோனில் எந்தப் பிரௌசரைத் திறந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான்.

இப்போது முதல் வேலை. எச்டிஎம்எல்லில் எழுதப்படும் அட்ரிப்யூட் எப்போதும் வெறும் எழுத்துச்சரம். ஜாவாஸ்கிரிப்டில் எலிமென்ட்டின்மேல் வைக்கும் ப்ராப்பர்ட்டி எதுவாகவும் இருக்கலாம்: அரே, ஆப்ஜெக்ட், ஃபங்ஷன். உங்கள் ஃபிரேம்வொர்க் டெம்ப்ளேட்டில் வரும் மதிப்பையெல்லாம் அட்ரிப்யூட்டாக வைத்தால், தேர்வுகளின் பட்டியல் ‘ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்’ என்ற எழுத்தாக மாறித்தான் எலிமென்ட்டுக்குப் போய்ச் சேரும். பிரபல ஃபிரேம்வொர்க்கான ரியாக்ட் பல ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது. 2024 டிசம்பரில் வந்த 19ஆம் பதிப்பில்தான் சரியானது. ரியாக்டும் இன்னொரு ஃபிரேம்வொர்க்கான வியூவும் கிட்டத்தட்ட ஒரே விதியைத்தான் பின்பற்றுகின்றன. கொடுக்கப்பட்ட பெயர் அந்த எலிமென்ட்டில் இருக்கிறதா என்று ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்’ ஆபரேட்டரால் கேட்க வேண்டும். இருந்தால் ப்ராப்பர்ட்டி, இல்லையென்றால் அட்ரிப்யூட். நீங்களும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு விதியைக் கண்டுபிடித்தால் பயனர்களுக்குத்தான் சுமை.

இந்த விதியில் ஒரு குழி இருக்கிறது. கஸ்டம் எலிமென்ட்டின் ஸ்கிரிப்ட் தாமதமாக வந்து, உங்கள் ஃபிரேம்வொர்க் அதற்கு முன்பே பக்கத்தை வரைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த எலிமென்ட்டுக்கு எந்த ப்ராப்பர்ட்டியும் தெரியாது. ‘இன்’ கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் வரும். மதிப்பு அட்ரிப்யூட்டாகப் போய்விடும். எழுத்தோ எண்ணோ என்றால் சமாளிக்கலாம், அரே என்றால் தொலைந்தது. ஆகவே பயனர் கட்டாயப்படுத்திச் சொல்ல ஒரு வழி வேண்டும். வியூவில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் ‘இது ப்ராப்பர்ட்டிதான்’ என்று பொருள். உங்கள் டெம்ப்ளேட்டிலும் அதற்கு ஒரு குறியைக் கொடுங்கள்.

அதோடு முடியவில்லை. எலிமென்ட் பதிவாகும் முன் அதன்மேல் நேரடியாக ப்ராப்பர்ட்டி வைத்தால், அது அந்த ஆப்ஜெக்ட்டின் சொந்த ப்ராப்பர்ட்டியாக உட்கார்ந்துவிடும். பிறகு கிளாஸ் பதிவாகி எலிமென்ட் உயிர்பெறும்போது, புரோட்டோடைப்பில் உள்ள செட்டரை (மதிப்பு வைக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) அது மறைத்து நிற்கும். மதிப்பு கண்ணெதிரே இருக்கும், ஆனால் திரையில் எதுவும் மாறாது. மணிக்கணக்கில் தேட வைக்கும் பிழை இது. மாற்று எளிது: எலிமென்ட் பக்கத்தில் சேரும்போது பிரௌசர் அழைக்கும் ‘கனெக்டட்கால்பேக்’ ஓடும்போது, சொந்த ப்ராப்பர்ட்டியாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, மதிப்பை எடுத்துவைத்துக்கொண்டு, அதை டிலீட் செய்து, அதே மதிப்பைத் திரும்ப வையுங்கள். இந்த முறை செட்டர் வழியாகப் போகும். உங்கள் காம்பொனென்ட்டுகளை வெளியே கொடுக்கும் நாளில் இந்த நான்கு வரி அடிப்படை கிளாஸில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஈவென்ட்டில் சொல்ல அதிகம் இல்லை. பயனர் எழுதிய பெயரைச் சிறிய எழுத்தாக்குவது, முன்னொட்டை வெட்டுவது என்று எதுவும் செய்யாமல், அப்படியே ‘ஆட்ஈவென்ட்லிஸனர்’ கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் எலிமென்ட் அனுப்பும் ஈவென்ட் ஷேடோ எல்லையைத் தாண்டி வெளியே கேட்க வேண்டுமென்றால் ‘பபிள்ஸ்’, ‘கம்போஸ்டு’ இரண்டையும் ட்ரூ ஆக வையுங்கள்.

இனி உங்கள் காவடிப் படிவம். ஃபிரேம்வொர்க்கின் பழைய காம்பொனென்ட்டில் தெரிவுப்பெட்டி பக்கத்தின் மரத்திலேயே இருந்தது. அதனால் படிவம் அதைப் பார்த்தது. ஷேடோ ரூட்டுக்குள் போனதும் அது வேறு மரம். உள்ளே இருக்கும் இன்புட்டை வெளியே இருக்கும் ஃபார்ம் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. ஸ்டாண்டர்டே அப்படித்தான் வகுத்திருக்கிறது. மறைவான இன்புட் ஒன்றை வெளியே ஒட்டி மதிப்பை நகலெடுக்கும் பழைய தந்திரம் இனி வேண்டியதில்லை. கிளாஸில் ‘ஃபார்ம்அசோசியேட்டட்’ என்ற ஸ்டாட்டிக் மதிப்பை ட்ரூ ஆக்குங்கள். கன்ஸ்ட்ரக்டரில் ‘அட்டாச்இன்டர்னல்ஸ்’ அழையுங்கள். தெரிவு மாறும்போதெல்லாம் ‘செட்ஃபார்ம்வேல்யூ’ வழியாக மதிப்பைச் சொல்லுங்கள். எலிமென்ட்டுக்கு ‘நேம்’ அட்ரிப்யூட் இருந்தால் பால்குடம் என்ற தெரிவு மற்ற மதிப்புகளோடு சேர்ந்து சர்வருக்குப் போகும். இது குரோமில் 2019லும், ஃபயர்ஃபாக்ஸில் 2022லும், சஃபாரியில் 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பிலும் சேர்ந்தது. உங்கள் ஃபிரேம்வொர்க்கின் குறைந்தபட்ச சஃபாரி பதிப்பாக 16.4ஐயே அறிவித்துவிடலாம்.

மதிப்பு போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தாதீர்கள். ரீசெட் பட்டனை அழுத்தினால் ‘ஃபார்ம்ரீசெட்கால்பேக்’ ஓடும். அதில் தெரிவைப் பழைய நிலைக்கு நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். சுற்றியுள்ள ஃபீல்ட்செட்டை முடக்கினால் ‘ஃபார்ம்டிஸேபிள்டுகால்பேக்’ வரும். கட்டாயப் புலம் காலியாக இருந்தால் ‘செட்வேலிடிட்டி’ அழைக்க வேண்டும்; பிழை உண்டென்று சொன்னால் செய்தியும் சேர்த்தே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது டைப்எரர் வீசும். எச்சரிக்கைக் குமிழ் எந்த உறுப்பின் அருகில் தோன்ற வேண்டும் என்பதை மூன்றாவது மதிப்பாகக் கொடுங்கள். ஷேடோ ரூட் உருவாக்கும்போது ‘டெலிகேட்ஸ்ஃபோகஸ்’ ட்ரூ என்று வைக்க மறக்காதீர்கள். ஃபோகஸ் வாங்க முடியாத புலத்தில் பிழை இருந்தால் பிரௌசரால் அதைக் காட்ட முடியாது. படிவம் போகவும் போகாது. கோவில் வாசலில் கைபேசியோடு நிற்கும் பாட்டிக்குப் பட்டன் வேலை செய்யவில்லை என்று மட்டும்தான் தெரியும்.

ஷேடோ டாமை இயல்பாகவே எல்லாவற்றுக்கும் போடலாமா என்பதில் என் கருத்து உறுதியானது: போடாதீர்கள். காம்பொனென்ட்டை எழுதுபவர் கேட்டால் மட்டும் கொடுங்கள். அந்நியப் பக்கத்தில் போய் உட்காரும் விட்ஜெட்டுக்கு அது அருமையான பாதுகாப்பு. ஆனால் உங்கள் பயனர்களில் பலர் பொதுவான சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றை நம்பித் தளம் நடத்துபவர்கள். ஒரே பதிப்பில் அது எல்லாக் காம்பொனென்ட்டிலும் செத்துப்போகும். வெளியே உள்ள தலைப்பின் ஐடியைக் குறிப்பிடும் ‘ஏரியா-லேபிள்டுபை’ உள்ளே எட்டாது, திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் பாதிக்கப்படுவார்கள். தமிழ் ஃபான்ட்டையும் பாருங்கள். ஃபான்ட் பெயர் மரபுவழியாக ஷேடோ ரூட்டுக்குள் இறங்கும். ஆனால் ‘ஃபான்ட்-ஃபேஸ்’ விதியை உள்ளே எழுதினால் எடுபடாது. பக்கத்தின் சொந்த ஸ்டைல்ஷீட்டில்தான் அறிவிக்க வேண்டும். நிறம், இடைவெளி போன்றவற்றை மாற்ற சிஎஸ்எஸ் வேரியபிள்களும் ‘பார்ட்’ அட்ரிப்யூட்டும் போதும்.

நீக்கம் பற்றி ஓர் எச்சரிக்கை. பட்டியலில் ஓர் உறுப்பை இழுத்து வேறிடத்தில் வைத்தால் ‘டிஸ்கனெக்டட்கால்பேக்’, உடனே ‘கனெக்டட்கால்பேக்’ என இரண்டும் ஓடும். முதலாவதிலேயே காம்பொனென்ட்டை அழித்துவிட்டால் பயனர் பாதி நிரப்பியது போய்விடும். வியூ ஒரு கணம் பொறுத்து, எலிமென்ட் இன்னும் வெளியேதான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அழிக்கிறது. அதையே செய்யுங்கள்.

ஒரே பெயரை இரண்டாம் முறை பதிவுசெய்தால் பிரௌசர் பிழை வீசும். ஒரு பக்கத்தில் உங்கள் நூலகத்தின் இரு பதிப்புகள் இருந்தால் இது நடக்கும். காம்பொனென்ட் கிளாஸை மட்டும் ஏற்றுமதி செய்து, பதிவுசெய்வதைத் தனிக் கோப்பில் வையுங்கள். வேண்டியவர் தன் முன்னொட்டோடு பதிவுசெய்துகொள்வார்.

ஸ்டாண்டர்டுகளைத் தொடும்போதே இன்னொன்றையும் சேர்க்கச் சொல்வேன், இது நம் மொழிக்காக. பெயர்ப் புலத்தில் ‘மேக்ஸ்லெங்த்’ வைத்தால் அது எண்ணுவது யுடிஎஃப்-16 அலகுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டுகள்). ‘முருகன்’ நமக்கு நான்கு எழுத்து, அதற்கு 7. மெய்யும் உயிர்மெய்யும் நிறைந்த நீண்ட பெயர் ஒன்று பாதியிலேயே வெட்டுப்பட இது போதும். எழுத்தெண்ணும் காம்பொனென்ட்டில், ஜாவாஸ்கிரிப்டின் மொழிசார் வசதிகள் அடங்கிய ‘இன்டில்’ தொகுப்பின் செக்மென்ட்டரைப் பயன்படுத்துங்கள். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125 வந்ததிலிருந்து எல்லாப் பிரௌசரிலும் உண்டு. நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்கள் இருப்பதுபோல விலைப்பட்டியலிலும் காட்ட வேண்டும் என்று கோவில்காரர்கள் கேட்டால், அதற்கும் அதே தொகுப்பின் நம்பர்ஃபார்மட் இருக்கிறது. லொகேலில் ‘தமிழ் எண் முறை’ என்று குறிப்பிட்டால் போதும், தனி அட்டவணை எழுதத் தேவையில்லை.

பழைய பக்கங்கள் உடையுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ‘இன்’ விதி நல்லதுதான், ஆனால் நேற்றுவரை அட்ரிப்யூட்டாகப் போன ஒன்று நாளை ப்ராப்பர்ட்டியாகப் போகும். அட்ரிப்யூட்டை நம்பி சிஎஸ்எஸ் எழுதியவரின் பக்கம் மாறிவிடும். ஆகவே இப்போதைய வரிசையில் இதை ஒரு விருப்ப அமைப்பாக, அணைத்த நிலையில் வெளியிடுங்கள்; அடுத்த பெரும் பதிப்பில் இயல்பாக்குங்கள். ரியாக்ட்கூட பெரும் பதிப்புக்குக் காத்திருந்தே இதைக் கொடுத்தது. கஸ்டம் எலிமென்ட்டாக ஏற்றுமதி செய்யும் பகுதி முழுக்கப் புதியது, யாரையும் தொடாது; அதைச் சிறு பதிப்பிலேயே விடலாம்.

சோதனைகளைப் போலி டாமில் (உண்மைப் பிரௌசர் இல்லாமல் பக்கத்தைப் போலச்செய்யும் நிரல்) மட்டும் ஓட்டிவிட்டு நம்பாதீர்கள், படிவப் பகுதி அங்கே சரியாகத் தெரியாது. உண்மைப் பிரௌசர்களை இயக்கும் சோதனைக் கருவியான ப்ளேரைட் கொண்டு குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றிலும் ஓட்டுங்கள். முதல் புல் ரெக்வெஸ்ட்டில் ப்ராப்பர்ட்டி விதி, கட்டாயக் குறி, தாமதமாகப் பதிவாகும் எலிமென்ட்டுக்கான சோதனை இந்த மூன்று மட்டும் இருக்கட்டும். காவடிப் படிவத்தை இரண்டாவதில் வையுங்கள்; அனுப்புதல், ரீசெட், காலிப் புலம் என மூன்று சோதனைகளோடு.