சிஸ்டர் அக்கா பதில்கள்: குடி நின்றால் அடியும் நிற்குமா?

(கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டார ஆஸ்பத்திரிகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் தங்கையை வேலந்தாவளம் தாண்டிக் கோவைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்தால் அடி. போன வாரம் கழுத்தை நெரித்திருக்கிறார். விடிந்ததும் காலில் விழுந்து அழுதாராம். குடியை நிறுத்த வைத்தியம் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. சரியாகுமா அக்கா?
– பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மணி, குடியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கழுத்து. அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். அமெரிக்காவில் நான்சி கிளாஸ் என்ற செவிலியர் ஆய்வாளரும் அவர் குழுவும் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவனோ காதலனோ ஏற்கெனவே கழுத்தை நெரித்திருந்தால், அந்தப் பெண் பிற்பாடு அவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று அதில் தெரிந்தது.

தழும்பு இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். நெரித்த கழுத்தில் வெளியே ஒன்றுமே தெரியாமல் போகலாம். குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, வெள்ளை விழியில் சிவப்புப் புள்ளி உண்டா, அப்போது நினைவு தப்பியதா என்று தங்கையிடம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே ரத்தக்குழாயில் காயம் இருந்தால் சில நாள் கழித்தும் ஆபத்து வரும்.

டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் “கெணத்தடியில வழுக்கிட்டேன் சிஸ்டர்” என்பார்கள். வழுக்கி விழுந்தால் உள்ளங்கையும் முழங்காலும் சிராய்த்திருக்கும். இவர்களுக்கோ முழங்கைக்குக் கீழே, சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் வீக்கம் இருக்கும். முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால் அடி விழுகிற இடம் அது. கூட வந்த மாமியார் டீ குடிக்க எழுந்து போகும்வரை நான் கட்டுத்துணியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பேன்; தனியாக இருந்தால்தானே உண்மை வரும்.

இனி குடி. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கணவர் அடிக்கடி போதையில் வரும் பெண்களில் 70 சதவீதம் பேர் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். குடிக்காத கணவர் என்றால் 23 சதவீதம். அப்பா முதல் எண்ணைப் பார்க்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு சொட்டும் தொடாதவர் வீட்டிலும் நாலில் ஒருத்திக்குக் கிட்டத்தட்ட அடி விழுகிறதே, அதற்கு எந்த வைத்தியரைப் பார்ப்பது? எத்தனை போதையானாலும் தன் முதலாளியை அடித்துவிட்டு வருகிறவரை நான் பார்த்ததில்லை. பெண்டாட்டியை அடிக்கலாம் என்ற நினைப்பு முன்பே இருக்கிறது, போதை அதற்குத் துணை போகிறது. அப்பன் அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பையன்களிடம் இது அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. சம்பந்தம் பேசும்போது எத்தனை பவுன் என்று கேட்கிறோம், இதை யார் விசாரிக்கிறோம்?

மாப்பிள்ளை வைத்தியம் எடுக்கட்டும், நல்லதுதான். அது முடியும்வரை உங்கள் தங்கை அங்கே இருக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம்: பிரிகிற நேரம்தான் கொலை அபாயம் கூடும் நேரம். “நான் போறேன்” என்று சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டாம். அவர் வேலைக்குப் போனதும் நீங்களே போய்க் கூட்டி வாருங்கள்.

கேள்வி: மகள் பேரில் வீட்டை எழுதலாம் என்றேன். “திமிர் வந்து குடும்பம் நடத்த மாட்டா” என்கிறார் வீட்டுக்காரர்.
– ஒரு தாய், கோவிந்தாபுரம்

பதில்: எழுதுங்கள். பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 500 பெண்களுக்குக் கொஞ்சம் மேல் விசாரித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் தன் பேரில் இருந்தவர்களில் 7 சதவீதம்தான். அவளுக்குப் போக இடம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அது போதும். நகையைப் போட்டு அனுப்பினால் அது அடகுக்கடைக்குப் போகும்; வீடு போகாது. வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். திமிர் வந்தால் நான் பொறுப்பு.

கேள்வி: புகுந்த வீடு தமிழ்நாட்டில். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கே வழக்குப் போட முடியாது என்கிறார்களே?
– நடுப்புணி வாசகி

பதில்: முடியும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். அவர் போடும் உத்தரவு நாடு முழுவதும் செல்லும். கொடுமைக்கான போலீஸ் வழக்கையும் தஞ்சம் புகுந்த ஊரிலேயே தொடரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள், அல்லது கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீ நடத்தும் ஸ்நேகிதா உதவி மையத்துக்குப் போங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலை அம்மாவிடம் கொடுத்துவையுங்கள்.